பருத்தழும்புக்கு லேசர்: என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில்கள்

எனக்குப் பரு வந்தது 16 வயதில். ஓய்ந்தது 25இல். ஓய்ந்த பிறகு கன்னத்தைப் பார்த்தால் மழை பெய்து காய்ந்த மண் முற்றம் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷத்தில் ஐந்து முறை லேசர், இரண்டு முறை ஊசியால் தழும்பை அறுத்து விடும் சிகிச்சை என்று அலைந்தேன். இப்போது சொந்தக்காரர்கள், அலுவலகத்துத் தம்பி தங்கைகள், அவர்களுடைய அம்மாக்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டது, தேடிப் படித்தது, என் முகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

லேசர் போட்டால் தழும்பு போய்விடுமா?

போகாது. முதலில் இதை மனசில் வாங்கிக்கொண்டால் பணமும் ஏமாற்றமும் மிச்சம். பள்ளத்தின் ஆழம் குறையும், விளிம்பு மழுங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் விழும் நிழல் லேசாகும். எதிரில் நின்று பேசுகிறவருக்குச் சட்டென்று கண்ணில் படாது. கண்ணாடிக்கு அருகில் போய்த் தேடும் உங்களுக்குத் தெரியத்தான் செய்யும்.

அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு கட்டுரை, தோலைச் சுட்டு ஆவியாக்கும் வகை ஃபிராக்ஷனல் (புள்ளி புள்ளியாகச் சுடும்) லேசரில் 26 முதல் 83 சதவீதம் வரையும், மேல்தோலைச் சுடாத வகையில் 26 முதல் 50 சதவீதம் வரையும் முன்னேற்றம் என்று சொல்கிறது. 26க்கும் 83க்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த தூரத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதைத் தழும்பின் வகை, தோலின் நிறம், இயக்குகிற கை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். “நூறு சதவீதம் கியாரண்டி” என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தப் படியில் ஏறவே வேண்டாம்.

என் முகத்தில் இருப்பது தழும்பா, கறையா?

பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பரு ஆறின இடத்தில் பழுப்பாகவோ கருப்பாகவோ தட்டையாக ஒரு புள்ளி இருந்தால் அது தழும்பு இல்லை, நிறம் தேங்கி நிற்கிறது. அழற்சி வந்த இடத்தில் தோல் அதிகமாக மெலனின் என்ற நிறமியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். வெயிலில் காட்டாமல், டாக்டர் தரும் க்ரீமைப் போட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தால் சில மாதங்களில், பிடிவாதமானதாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகி, மங்கிவிடும். வெளுத்த தோலில் அதே இடம் சிவப்பாகத் தேங்கும்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் கறை. விரல் இறங்கி ஏறினால் தழும்பு. கறைக்குப் போய்ச் சுடும் லேசர் போட்டுக்கொண்டு இன்னும் கருப்பாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். என் சித்தி மகளுக்கு வெறும் கறைதான் இருந்தது. லேசர் எதுவும் போடாமல் சன்ஸ்க்ரீனும் இரவில் ஒரு க்ரீமும் வைத்தே பத்து மாதத்தில் தெளிந்துவிட்டாள்.

தழும்பிலும் வகை இருக்கிறதாமே?

இருக்கிறது. டாக்டர் சொல்லும் ஆங்கிலப் பெயர்கள் மூன்று: ஐஸ் பிக், பாக்ஸ்கார், ரோலிங்.

ஐஸ் பிக் என்பது கோணி ஊசியால் குத்தியது போன்ற குறுகலான, ஆழமான துளை. வாய் சின்னது, ஆழம் அதிகம். லேசர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. அதற்கு டிரைகுளோரோஅசிடிக் அமிலத்தை, செறிவு அதிகமாக, குச்சி முனையால் அந்தத் துளைக்குள் மட்டும் தொட்டு வைக்கிறார்கள். இல்லையென்றால் சின்னப் பஞ்ச் கருவியால் துளையையே வெட்டி எடுத்துத் தைக்கிறார்கள்.

பாக்ஸ்கார் என்பது அம்மைத் தழும்பு மாதிரி. அடி தட்டை, கரை செங்குத்து. ஆழம் குறைவாக இருந்தால் லேசர் நன்றாகவே பிடிக்கும்.

ரோலிங் என்பதற்குக் கரையே இருக்காது, அலை அலையாக மேடு பள்ளமாக இருக்கும். தோலுக்கு அடியில் நார் போன்ற இழைகள் தோலைக் கீழே பிடித்து இழுத்து வைத்திருப்பதால் வருவது இது. கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால் பள்ளம் மறைகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் ரோலிங்தான். அந்த நாரை அறுக்காமல் மேலே எத்தனை லேசர் போட்டாலும் பள்ளம் பள்ளமாகவே நிற்கும். ஊசியைத் தோலுக்கு அடியில் நுழைத்து நாரை அறுத்து விடுவதற்கு சப்சிஷன் என்று பெயர். என் கன்னத்தில் பாதிக்கு மேல் இந்த ரகம். முதலில் பார்த்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. நேராக லேசர் அறைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு சிட்டிங் பணம் வீணானதற்கு அதுதான் காரணம்.

மார்பு, தோள், தாடை ஓரம் போன்ற இடங்களில் பள்ளத்துக்குப் பதிலாகத் தடித்து மேடாக நிற்கும் தழும்பும் உண்டு. அதற்கு வைத்தியமே வேறு: தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், கூடவே ரத்தநாளங்களைக் குறிவைக்கும் பல்ஸ்டு டை லேசரும் போடுவதுண்டு.

பெரும்பாலான முகங்களில் மூன்று ரகமும் கலந்துதான் கிடக்கும். அதனால் ஒரே மெஷினில் எல்லாவற்றையும் சரி செய்வதாகச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

லேசர் உள்ளே என்னதான் செய்கிறது?

தோலில் நீர் நிறைய இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த ஒளியை நீர் அப்படியே விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதும் கொதித்து ஆவியாகி, மயிரிழை மாதிரி மெல்லிய ஒரு துளை தோலில் விழுகிறது. துளையைச் சுற்றியுள்ள கொலாஜன், அதாவது தோலுக்கு உறுதி தரும் புரத இழை, சூட்டில் சுருங்குகிறது. அப்புறம் உடம்பு, “ஐயோ காயம்” என்று புதுக் கொலாஜனை அனுப்பிப் பள்ளத்தை அடியிலிருந்து நிரப்பத் தொடங்குகிறது. லேசர் காயத்தை மட்டும்தான் உண்டாக்குகிறது. சரி செய்கிற வேலை முழுக்க உடம்போடது.

இந்த லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். ஸ்கின் கிளினிக்கில் காத்திருக்கும்போது படித்துத் தெரிந்துகொண்டேன்.

1990களில் முகம் முழுவதையும் ஒரே படலமாகச் சுட்டு உரிப்பார்கள். பலன் பெரிசு, வேதனையும் பெரிசு. வாரக்கணக்கில் நீர் வடியும், மாதக்கணக்கில் சிவந்து கிடக்கும். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. 2004இல் ஹார்வர்டைச் சேர்ந்த மான்ஸ்டைன், ஆண்டர்சன் குழுவினர் வேறு வழி சொன்னார்கள். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லேசர் புள்ளி புள்ளியாக மட்டும் சுடும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள தோல் தொடப்படாமல் அப்படியே இருக்கும். அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் வந்து துளையைச் சீக்கிரம் மூடிவிடும். ஃபிராக்ஷனல் என்று சொல்வது இதைத்தான். இன்று பருத்தழும்புக்குப் போடுவது பெரும்பாலும் இந்த ரகம்.

கிளினிக்கில் பத்துப் பெயர் சொல்கிறார்கள். எது எது?

கார்பன் டை ஆக்சைடு லேசரும், 2,940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரும் தோலைச் சுட்டுத் துளை போடுபவை. எர்பியம் யாகில் சுற்றிப் பரவும் சூடு குறைவு. 1,550 நானோமீட்டர் எர்பியம் கிளாஸ் மேல்தோலை உடைக்காமல் அடியில் மட்டும் சூடேற்றும். ஆறுவது சீக்கிரம், ஆனால் சிட்டிங் அதிகம் வேண்டும்.

மைக்ரோநீட்லிங் ஆர்.எஃப். என்பது லேசரே இல்லை. ஊசிகள் உள்ளே இறங்கி, நுனியில் ரேடியோ அலையால் சூடேற்றும். மேல்தோலில் சூடு குறைவாகப் படுவதால் கருக்கிற பயம் குறைவு என்று நிறைய டாக்டர்கள் நம் நிறத்துக்கு இதையே முதலில் சொல்கிறார்கள்.

முடி எடுக்கிற லேசரும், “லேசர் டோனிங்” என்று நிறத்துக்குப் போடுவதும் பள்ளத்தை நிரப்பாது. லேசர் என்ற ஒரே பெயரில் எல்லாம் விற்கிறது, கவனம்.

நம்ம நிறத்துக்கு லேசர் ஆகுமா?

ஆகும். ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோல் மருத்துவத்தில் நிறத்தை 1 முதல் 6 வரை பிரிப்பார்கள். வெயில் பட்டால் எரிகிறதா, கருக்கிறதா என்பதை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975இல் கொண்டுவந்த அளவுகோல் அது. நம் ஆட்கள் பெரும்பாலும் 4, 5இல் வருவோம், கொஞ்சம் பேர் 6இல். கார்பன் டை ஆக்சைடு லேசர் குறிவைப்பது நீரைத்தான், மெலனினை இல்லை. அப்படியானால் ஏன் கருக்கிறது? சூடு பட்டதும் வரும் அழற்சிதான் காரணம். பருவுக்கே மெலனினைக் கொட்டிய தோல், சுட்டால் சும்மா இருக்குமா?

அதனால் விஷயம் தெரிந்த டாக்டர் நம் தோலுக்குப் புள்ளிகளை நெருக்கமாக வைக்க மாட்டார். ஆழம் வேண்டுமானால் போவார், நெருக்கத்தைக் குறைப்பார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்ட மாட்டார், நடுவில் தோலை ஆறவிட்டுத்தான் அடுத்த சுற்று. காதோரமோ தாடைக்கு அடியிலோ சின்ன இடத்தில் போட்டுப் பார்த்து, சில வாரம் கழித்து எப்படி ஆறியிருக்கிறது என்று பார்த்த பிறகே முழுக் கன்னத்துக்கும் வருவார்.

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஏப்ரல் மாதம், கத்திரி வெயிலுக்கு முந்தைய வாரம். இரண்டாவது சிட்டிங்கில் “போன தடவை பலன் கம்மி, இந்தத் தடவை பவரைக் கூட்டிடலாம்” என்றார் அந்த அறையில் இருந்தவர். சரி என்று தலையாட்டினேன். நாலாம் வாரம் இரண்டு கன்னத்திலும் சல்லடையை வைத்து அழுத்திய மாதிரி கட்டம் கட்டமாகக் கருப்புப் புள்ளி. பள்ளம் கொஞ்சம் குறைந்திருந்தது, அதை யார் பார்த்தார்கள்? பார்க்கிறவர்கள் எல்லாம் “முகத்துல என்னப்பா மருதாணி?” என்று கேட்டார்கள். மங்க ஐந்து மாதம் ஆனது. அதுவும் வேறொரு தோல் மருத்துவரிடம் போய், தினமும் வெள்ளைப் பூச்சாகச் சன்ஸ்க்ரீன் பூசி.

இப்படி வரும் கருப்பு பெரும்பாலும் நிரந்தரம் இல்லை, மங்கிவிடும். ஆனால் மிதமிஞ்சிச் சுட்டால் தோல் நிறமிழந்து வெளுப்பதும், புதுத் தழும்பு வருவதும் நடக்கக்கூடியவையே. அவை அபூர்வம், ஆனால் வந்தால் சரி செய்வது கடினம். மெதுவாக, குறைவாக, ஒரு சிட்டிங் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று போவதுதான் நம் தோலுக்கு ஏற்றது.

வலிக்குமா?

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் க்ரீமைத் தடவிப் பிளாஸ்டிக் தாளால் மூடி உட்கார வைத்துவிடுவார்கள். கண்ணுக்குக் கவசம் போட்டே ஆக வேண்டும், போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு புள்ளிக் கூட்டமும் சூடான எண்ணெய் தெறித்த மாதிரி சுரீர் என்கும். கன்னத்தில் தாங்கலாம், மேலுதட்டிலும் எலும்பு தட்டுப்படும் தாடையிலும் கொஞ்சம் கஷ்டம். முடி கருகுகிற வாசனை வரும், பயப்பட வேண்டாம். மொத்தம் பதினைந்து, இருபது நிமிஷம்.

நிஜமான எரிச்சல் முடிந்த பிறகுதான். மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்த மாதிரி இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். ஐஸ் பேக்கும் ஃபேன் காற்றும் போதும். வீடு திரும்ப பைக்கில் போகாதீர்கள். தூசி, வெயில், ஹெல்மெட் உரசல் மூன்றும் ஒன்றாக வந்து சேரும்.

அடுத்த ஒரு வாரம் எப்படி இருக்கும்?

சுடும் வகை லேசர் என்றால் முதல் இரண்டு நாள் முகம் சிவந்து வீங்கும். காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே உப்பியிருக்கும். இரண்டு தலையணை வைத்துத் தூங்கினால் கொஞ்சம் குறையும். மூன்றாம் நாளிலிருந்து கன்னம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஆகும். பொடிப் பொடிப் பொருக்குகள். இவை ஐந்தாறு நாளில் தாமாகவே உதிரும். பிய்த்தால் அந்த இடம் கருக்கும். எனக்குப் பருவையே கிள்ளிப் பழகிய கை, அதைக் கட்டி வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

தண்ணீரால் மெல்ல அலசி, டாக்டர் சொல்லும் களிம்பையோ வெறும் வாசலினையோ பூசி ஈரப்பதமாக வைத்திருந்தால் போதும். பொருக்கு உதிரும்வரை மேக்கப் இல்லை, மஞ்சள் இல்லை, தேங்காய் எண்ணெய் இல்லை, ஃபேஸ் பேக் இல்லை. அடுப்படி அனலில் நின்று சமைப்பதையும் ஒரு வாரம் தள்ளி வைத்தால் நல்லது. வீட்டில் கேட்பார்களா என்பது வேறு விஷயம். சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் சன்ஸ்க்ரீன். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை திரும்பவும். நம் ஊர் வியர்வையில் அது நிற்காது என்பதால் குடையும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் யு.வி.ஏ. வரும், பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். நிறம் கலந்த சன்ஸ்க்ரீன்களில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கருக்கிற தோல்காரர்களுக்கு அது கூடுதல் காவல்.

எத்தனை சிட்டிங்? பலன் எப்போது தெரியும்?

பொதுவாக 3 முதல் 6. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 முதல் 8 வாரம். முதல் வாரம் பொருக்கு உதிர்ந்ததும் “அடடா, பள்ளமே காணோமே” என்று தோன்றும். அது வீக்கம். வீக்கம் வடிந்ததும் பள்ளம் திரும்ப வரும், மனசு விட்டுப்போகும். அந்த நாளில் கிளினிக்குக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்காதவர் குறைவு, நானும் பிடித்தேன். புதுக் கொலாஜன் அடுக்காகச் சேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிகிச்சைக்கு முன் ஒரே இடத்தில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். லிஃப்ட் கண்ணாடியை நம்பாதீர்கள். மேலிருந்து விழும் அந்த விளக்கு யாரையும் விட்டு வைக்காது.

இரண்டு மாதத்தில் கல்யாணம். போடலாமா?

வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் கையில் இருந்தால் தொடங்குங்கள். கடைசி சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மாதமாவது இருக்கட்டும். நலங்கு, மஞ்சள், ஹோமப் புகை, ஐந்து மணி நேர மேக்கப் எல்லாம் ஆறாத தோலுக்கு ஆகாது.

இன்னும் பரு வந்துகொண்டிருக்கிறது. பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

முதலில் பருவை நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஓட்டையை அடைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் துளை போடுவதில் என்ன பயன்? அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூசும் மருந்து, தேவைப்பட்டால் மாத்திரை என்று பருவைச் சீக்கிரம் அடக்குவதுதான் இருப்பதிலேயே மலிவான தழும்பு வைத்தியம். “வயசுக்கோளாறு, தானாப் போயிடும்” என்று என் வீட்டில் ஒன்பது வருஷம் சொன்னார்கள். தானாகத்தான் போனது, போகும்போது சும்மா போகவில்லை.

ஐசோட்ரெடினாயின் நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகே லேசர் என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவ வல்லுநர்கள் ஆதாரங்களைத் திரும்ப அலசி, ஃபிராக்ஷனல் லேசருக்கு அவ்வளவு காத்திருக்க அவசியமில்லை என்றார்கள். முகம் முழுவதும் உரிக்கும் பழைய முறைக்கு மட்டும் தடை தொடர்கிறது. ஆனாலும் இங்கே பல டாக்டர்கள் காத்திருக்கவே சொல்வார்கள். அதில் தப்பில்லை. மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்வது மட்டும் உங்கள் கடமை.

யாருக்குக் கூடாது?

காது குத்திய இடமோ மூக்குத்தி இடமோ தடித்துக் கட்டியாக வளர்ந்திருந்தால், பி.சி.ஜி. ஊசி போட்ட தோளில் தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால், அதை முதல் வேலையாகக் காட்டுங்கள். கீலாய்டு வளரும் உடல்வாகு அது. அப்படிப்பட்டவர்களுக்கு லேசரே புதுத் தழும்பைக் கொடுத்துவிடலாம்.

உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள் அதையும் சொல்லுங்கள். லேசர் அந்த வைரஸை எழுப்பி முகம் முழுக்கப் பரப்பிவிடக்கூடும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுப்பார்கள். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள், தழும்பு எங்கேயும் ஓடிவிடாது. ஊட்டி, கொடைக்கானல் போய் வெயிலில் கருத்துத் திரும்பியிருந்தாலும் நிறம் இறங்கும்வரை காத்திருங்கள்.

லேசரால் கேன்சர் வருமாமே?

தோல் புற்றுநோயோடு தொடர்புடையது புற ஊதாக் கதிர். தழும்புக்குப் போடும் இந்த லேசர்கள் அகச்சிவப்பு, வெறும் சூடு. பயம் வேண்டாம்.

தோல் மெலிந்துவிடும் என்கிறாரே அத்தை?

அத்தை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார். அளவோடு போட்ட லேசர் கொலாஜனைக் கூட்டும். தோலை மெலிய வைப்பது மெடிக்கல் ஷாப்பில் “முகத்துக்கு ஏதாச்சும் குடுங்க” என்று கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் பரு இரட்டிப்பாகும், தொடர்ந்தால் தோல் காகிதமாகி ரத்தநாளம் வெளியே தெரியும். இந்திய தோல் மருத்துவர்கள் சங்கம் வருஷக்கணக்கில் இதற்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்கிறது. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதவை, இருந்தாலும் தருகிறார்கள். லேசருக்கு முன்பு நீங்கள் எந்த க்ரீம் போட்டாலும் அந்தக் குழாயையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

செலவு எவ்வளவு?

ஊருக்கு ஊர், மெஷினுக்கு மெஷின் மாறும். நான் நல்லபடியாகச் செய்துகொண்ட இடத்தில் சிட்டிங்குக்கு 8,000 ரூபாய். சப்சிஷன் தனி. மருந்து, சன்ஸ்க்ரீன் தனி. சன்ஸ்க்ரீன் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, வருஷம் முழுக்க வாங்கினால் அதுவே ஒரு சிட்டிங் காசு. அழகுச் சிகிச்சை என்பதால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தராது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். லேசர் இருக்கும் இடங்களில் செலவு மிகவும் குறையும், காத்திருப்பு கூடும்.

எட்டு சிட்டிங் பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் பாதி விலை என்றால் கட்டாதீர்கள். ஒன்று போட்டு, தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிவதற்கு முன்பே எட்டுக்கு ஏன் பணம்?

யாரிடம் போவது? என்ன கேட்பது?

தோல் நோய்ப் பிரிவில் எம்.டி. அல்லது டிப்ளமா படித்தவரிடம். போர்டில் “காஸ்மெட்டாலஜிஸ்ட்” என்று மட்டும் இருந்தால் அடியில் என்ன படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று பாருங்கள். டாக்டர் பார்த்துப் பேசிவிட்டு, லேசர் பிடிப்பது வேறு யாரோ என்றால் கிளம்பிவிடுங்கள்.

கேட்க வேண்டியது: என் தழும்பில் எது எவ்வளவு? லேசர் எதற்குப் பயன்படாது? என் நிறத்தவர்களுக்கு நீங்கள் போட்ட படங்களைக் காட்ட முடியுமா? கருத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் தருபவரிடம் உட்காரலாம். எனக்குக் கடைசியில் அமைந்தவர் முதல் நாள் லேசர் போடவே மறுத்தார். “முதல்ல அந்த நாரை அறுப்போம், மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார். அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

எலுமிச்சை, சங்கு, வீட்டு ரோலர்?

எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். சங்கை உரசிப் பூசுவது பாட்டி காலத்துப் பழக்கம், பருவுக்கு என்று செய்தார்கள். பள்ளத்தை அது நிரப்பாது. ஆன்லைனில் வாங்கும் ஊசி ரோலரை வீட்டில் உருட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கிருமி, ஊசி வளைவு, ஆறாத பரு மேல் உருட்டுவது என்று புதுத் தழும்புக்கு அதுவே வழி.

தாடி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் மழித்துவிட்டுப் போங்கள். பொருக்கு முழுக்க உதிரும்வரை பிளேடு கூடாது. தழும்பை மறைக்கத் தாடி வளர்த்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அம்மைத் தழும்புக்கும் இது ஆகுமா?

ஆகும். அதுவும் பெரும்பாலும் பாக்ஸ்கார் ரகம்தான். ஆழமான ஒன்றிரண்டை வெட்டித் தைத்துவிட்டு மீதிக்கு லேசர் போடுவதும் உண்டு.

சரி, முடிந்த பிறகு தழும்பு திரும்பி வருமா?

நிரம்பிய பள்ளம் அப்படியே இருக்கும். வயது ஏற ஏற முகத்தில் சதை வற்றி, தோல் தளரும்போது பழைய தழும்பு கொஞ்சம் எடுப்பாகத் தெரியலாம். புதுப் பரு வந்தால் புதுத் தழும்பு. எனக்கு இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கிறது. ராத்திரி பட்டாணி அளவு அடாபலீன் பூசிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுத் தூங்கப் போகிறேன்.